பண்டாரநாயக்க கொலைச் சதி

இலங்கைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பர் 25 அன்று கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் இருந்த தமது இல்லத்தில் பௌத்த பிக்கு ஒருவரால் சுடப்பட்டு, மறுநாள் காலை இறந்தார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர். சதியின் சூத்திரதாரி எனத் தண்டிக்கப்பட்டவர் களனி ரஜமகா விகாரையின் விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர். அவருடைய வணிகக் கூட்டாளி எச். பி. ஜயவர்தனவும் குற்றவாளியாகக் காணப்பட்டார். தமிழருக்கு விட்டுக்கொடுக்க முனைந்ததால்தான் பண்டாரநாயக்க கொல்லப்பட்டார் என்று நம்மிடையே பலரும் சொல்வதுண்டு. வழக்கில் வெளிவந்த சங்கதிகள் அப்படி ஒற்றை வரியில் முடிந்துவிடுவன அல்ல.

பின்னணி

1956 ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்கவின் மகாஜன எக்சத் பெரமுன வெற்றி பெற்றதில் பிக்குகளின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. எக்சத் பிக்கு பெரமுன என்ற அமைப்பின் கீழ் அவர்கள் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தனர். அந்த அமைப்பின் முன்னணித் தலைவர் புத்தரக்கித்தர். புத்தர் வந்து சென்ற தலம் என்று சிங்கள பௌத்தர்கள் போற்றும் களனி விகாரை அவர் பொறுப்பில் இருந்தது. பணம், ஆள்பலம், மேடைப்பேச்சு மூன்றும் அவரிடம் இருந்தன. ஆட்சியை அமைத்துக் கொடுத்தவன் நான் என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை. அந்த எண்ணத்துக்குத் தீனி போட்டவர்களில் பண்டாரநாயக்கவும் ஒருவர்.

ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதனால் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க, பிரதமர் 1957 ஜூலை 26 அன்று தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்துடன் ஓர் உடன்பாடு செய்தார். பிரதேச சபைகளும் தமிழ் மொழிக்கு நிர்வாகத்தில் இடமும் தருவதாகச் சொன்ன பண்டா–செல்வா ஒப்பந்தம் அது. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் திரண்டு வந்து ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தை முற்றுகையிட்டனர். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் நகர்வோம் என்றார்கள். பிரதமர் எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதமே தமிழர்கள் மீது தீவு முழுவதும் வன்முறை கட்டவிழ்ந்தது. பிக்குகள் மிரட்டினால் பிரதமர் பணிவார் என்பதை நாடு பார்த்துவிட்டது. பணிய மறுத்த விஷயங்களில் அவர்மீது எழுந்த சினம் அத்தனை கடுமையாக இருந்ததற்கு இந்த அனுபவமே முக்கிய காரணம் என்று கொள்ளலாம்.

நோக்கங்கள்

அரசுத் தரப்பு முன்வைத்த நோக்கம் பெரும்பாலும் வணிகம் சார்ந்தது. புத்தரக்கித்தரும் ஜயவர்தனவும் கப்பல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அரசு இறக்குமதி செய்யும் சரக்கை ஏற்றிவரும் ஒப்பந்தத்தை எதிர்பார்த்தனர். அது கிடைக்கவில்லை. சீனி உற்பத்தித் திட்டம் ஒன்றிலும் அவர்களுடைய முயற்சி பலிக்கவில்லை. தேர்தலில் போட்ட முதலுக்கு வட்டியும் வராமல் போனது என்ற ஆத்திரமே பகையாக முற்றியது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. இதனுடன் சொந்த அவமானமும் சேர்ந்துகொண்டது. புத்தரக்கித்தரின் ஒழுக்கத்தைப் பழித்து அநாமதேயத் துண்டுப் பிரசுரங்கள் சுற்றிவந்தன. அவற்றைத் தடுக்கப் பிரதமர் ஒன்றும் செய்யவில்லை என்பது அவருடைய மனக்குறை.

கொள்கைப் பகையும் இருந்தது. நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்தன உள்ளிட்ட இடதுசாரிகள் அமைச்சரவையில் இருப்பதைப் புத்தரக்கித்தர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் குணவர்தன 1959 மே மாதத்திலேயே வெளியேறிவிட்டார். பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிபட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது. புத்தரக்கித்தர் அரசியலில் கேட்ட இரண்டும் நடந்தேறிய பிறகே துப்பாக்கி வெடித்தது. அதனால் கிடைக்காமல் போன வணிக ஆதாயத்தையே முதற்காரணமாகக் கருத வேண்டியிருக்கிறது.

சோமராமரின் கதை வேறு. கண் வைத்தியரான அவர் சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர். மேலைநாட்டு வைத்தியத்துக்கு முன்னால் ஆயுர்வேதம் புறக்கணிக்கப்படுகிறது என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. நாட்டுக்காகவும் மதத்துக்காகவும் இனத்துக்காகவும் சுட்டதாக அவர் முதலில் வாக்குமூலம் அளித்தார். விசாரணையின்போது அதை மறுத்தார். ஆதாயம் நாடியவர்கள் திட்டம் தீட்ட, அதை நிறைவேற்ற நம்பிக்கை கொண்ட ஒருவர் வாய்த்தார் என்றே இந்தச் சதியை விளங்கிக்கொள்ள முடிகிறது.

கொலை

பண்டாரநாயக்க காலை வேளைகளில் வீட்டு விறாந்தையிலேயே மக்களைச் சந்திப்பவர். காவி உடுத்தவரை வாசலில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் இல்லை. அன்று காலை அமெரிக்கத் தூதுவர் விடைபெற்றுச் சென்ற பின், விறாந்தையில் காத்திருந்த சோமராமரிடம் பிரதமர் வந்தார். வணங்கி, ஆயுர்வேதக் கல்லூரியின் குறைகளைக் கேட்டார். சுகாதார அமைச்சரிடம் சொல்வதாக உறுதியளித்தார். அப்போது அங்கிக்குள்ளிருந்து .45 ரிவால்வர் வெளியே வந்தது. காயத்துடன் உள்ளே ஓடிய பிரதமரைத் துரத்திச் சென்றும் சுட்டார் சோமராமர். காவலர் சுட்டதில் அவரும் காயமடைந்து பிடிபட்டார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையிலிருந்து பிரதமர் விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவரிடம் கருணை காட்டுமாறும் பழிவாங்க முனைய வேண்டாம் என்றும் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். சாவின் விளிம்பில் ஒரு மனிதர் சொன்ன சொல் என்ற வகையில், அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் மதிக்க வேண்டிய செய்தி அது.

வழக்கும் தண்டனையும்

பெண் அமைச்சர் விமலா விஜேவர்தனவும் கைதானார். நீதவான் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்தில் ஐவர் மீது வழக்கு 1961 பெப்ரவரியில் நீதியரசர் டி. எஸ். பெர்னாண்டோ முன் தொடங்கியது. கொலன்னாவையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானார். அவருடைய சாட்சியம் சதியாளர்களின் சந்திப்புகளை வெளிக்கொண்டு வந்தது. முத்துராஜவெல சதுப்பு நிலப் பகுதியில் துப்பாக்கிப் பயிற்சி நடந்ததாகவும் சொல்லப்பட்டது. மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. புத்தரக்கித்தர், ஜயவர்தன, சோமராமர் மூவருக்கும் மரண தண்டனை. ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் உட்பட மற்ற இருவர் விடுதலையாயினர்.

மரண தண்டனையை 1958இல் நிறுத்திவைத்தது பண்டாரநாயக்கவின் அரசேதான். அவர் கொல்லப்பட்டதும், அதே குற்றவாளிகளைத் தூக்கிலிடும் பொருட்டு, அது முன்தேதியிட்டு மீண்டும் சட்டமாக்கப்பட்டது. அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. முன்தேதி விதி கொலைக் குற்றத்துக்குப் பொருந்தும், கொலைச் சதிக்குப் பொருந்தாது என்று 1962 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டமிட்டவர்களாகக் காணப்பட்ட இருவரின் தண்டனையும் ஆயுள் சிறையாகக் குறைந்தது. சோமராமர் மட்டும் 1962 ஜூலை 6 அன்று வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். புத்தரக்கித்தர் 1967இல் சிறையில் இறந்தார்.

அரசியல் விசாரணை

இந்தத் தீர்ப்போடு சந்தேகம் ஓயவில்லை. பண்டாரநாயக்கவின் துணைவியார் சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானார். கொலையின் அரசியல் பின்புலத்தை ஆராய அவருடைய அரசு 1963இல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. நீதியரசர் பெர்னாண்டோவுடன் எகிப்து, கானா நாட்டு நீதிபதிகளும் அதில் இருந்தனர். குற்றவியல் வழக்கில் நோக்கத்தை முழுமையாக நிறுவ வேண்டிய கட்டாயமில்லை; செயலை நிறுவினால் போதும். தண்டிக்கப்பட்ட மூவருக்கு அப்பால் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, யார் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பனவே ஆணைக்குழுவின் முன் வந்த கேள்விகள்.