கேம்பிரிட்ஜில் சட்டமும் பொருளியலும் கணிப்பியலும்

பல்கலைக்கழகத்தில் ஒரு துறை பாடமாக இடம்பெறுதற்கு அதன் பயன் மட்டும் போதுவதன்று. அஃது அறிவைப் பண்படுத்தவல்லது என்று மூத்த துறையினர் ஒப்புதலும் வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளியலும் கணிப்பியலும் அவ்வொப்புதலைப் பெற்ற முறையை ஈண்டு ஆராய்வோம். இம்மூன்றன் வரலாறும் பெரும்பாலும் தனித்தனியே எழுதப்படுதலின் அவற்றிடையேயுள்ள உறவு எளிதிற் புலப்படுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குச் சிறப்புப் பட்டத்திற்குக் கணிதமே தலைவாயில். சட்டத்திற்குப் பேராசிரியர் இல்லாமலில்லை. எட்டாம் ஹென்றி 1540இல் நிறுவிய உரோமச் சட்டப் பேராசிரியர் பதவி தொடர்ந்து இருந்துவந்தது. ஆயினும் நீதிமன்றங்களில் வழங்கிய சட்டத்தை வழக்கறிஞர்கள் இலண்டனிலுள்ள சட்ட விடுதிகளிற் பழகியே கற்றனர். இந்நிலையில், டிரினிட்டிக் கல்லூரித் தலைவர் வில்லியம் ஹியூவெலின் முயற்சியால் 1848இல் 'அறநெறி இயல்கள்' என்னும் புதிய டிரைப்பாஸ் ஏற்பட்டது. டிரைப்பாஸ் என்பது அங்குச் சிறப்புத் தேர்வுக்கு வழங்கும் பெயர். 1851இல் முதல் தேர்வு நடந்தது. அறவியல், அரசியற் பொருளாதாரம், அண்மைக்கால வரலாறு, பொதுச் சட்டவியல், இங்கிலாந்துச் சட்டம் என்னும் ஐந்தும் அதன் பாடங்கள். சட்டமும் பொருளியலும் அறவியலின் மனையிலேயே ஒருங்கு வளர்ந்தன என்பது இதனாற் பெறப்படும்.

முதலில் மனையை நீங்கியது சட்டம். 1858இல் அதற்குத் தனித் தேர்வு அமைந்தது. பின்னர்ச் சிறிது காலம் வரலாற்றோடு இணைந்திருந்து மீண்டும் தனித்தது. எனினும் பழைய உறவு முற்றும் அறவில்லை. 1888இல் சட்டப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற எஃப். டபிள்யூ. மெயிட்லண்டு அறநெறி இயல்களிலேயே தேர்ச்சி பெற்றவர். சட்டத்தை வழக்கறிஞர் தொழிலுக்குரிய விதித்தொகுப்பாக மட்டும் கொள்ளாது, ஒரு சமுதாயத்தின் வரலாறாகவும் அவர் ஆராய்ந்தார்.

பொருளியலின் பிரிவு இவ்வளவு எளிதாக அமையவில்லை. 1885இல் பேராசிரியராய் அமர்ந்த ஆல்பிரட் மார்ஷல், தம் துறை அறவியலுக்கு அடங்கியிருத்தலை விரும்பவில்லை. அறவியற் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக்கோ தாமும் பொருளியல் நூல் இயற்றியவர். அவருக்கும் மார்ஷலுக்கும் இது குறித்துக் கருத்து மாறுபாடு நீடித்தது. வாணிகத்திலும் அரசுப் பணியிலும் ஈடுபடுவார்க்கு ஏற்ற பயிற்சி வேண்டும் என 1902இல் மார்ஷல் வேண்டுகோள் ஒன்று வெளியிட்டார். 1903இல் பொருளியல் டிரைப்பாஸ் தோன்றியது. கணிதத்தில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறிய இவர், தம் பெருநூலிற் கணிதத்தை அடிக்குறிப்பிலும் பிற்சேர்க்கையிலும் ஒதுக்கிவைத்தது எண்ணத்தக்கது. ஆனால் வழிவந்தோர் அவ்வடக்கத்தைப் போற்றினர் எனல் அரிது.

இத்தனிமனைக்கு உரியவர் யார் என்பது பிறிதொரு வினா. மார்ஷலின் மனைவியார் மேரி பேலி, 1874இல் அறநெறி இயல்கள் தேர்வை எழுதியவர். நியூனம் கல்லூரியிற் பொருளியல் கற்பித்தவர். 1879இல் கணவரோடு சேர்ந்து நூல் எழுதியவர். அவ்வாறிருந்தும், மகளிர்க்குப் பட்டம் வழங்கும் முயற்சி 1897இல் வாக்கெடுப்பில் தோல்வியுற்றபொழுது, அதனை எதிர்த்தோருள் மார்ஷலும் ஒருவர். 1924இல் அவர் மறைந்த பின், அவர் நூல்களைக் கொண்ட நூலகத்தை அவ்வம்மையாரே முதுமைவரை பேணினார். மகளிர் முழு உரிமையோடு பட்டம் பெற்றது 1948இல். அவரோ 1944இல் காலமானார். பாடத்திட்டத்தின் விரிவைப் புகழ்ந்து பேசுவோர் இதனையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

கணிப்பியல் பிறந்தது கணிதத்தின் மனையில். ஆயின் பொருளியலோடு அதற்குள்ள உறவு பழமையானது. பிரஞ்சுப் புரட்சிக் காலத்தில் டி பிரோனி என்பார், ஆடம் ஸ்மித் கூறிய தொழிற்பகுப்பு முறையைப் பின்பற்றிக் கணித அட்டவணைப் பணியை மூவகைத் தொழிலாளரிடையே பகுத்தார். கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் சார்லஸ் பாபேஜ் இச்செய்தியைத் தம் 1832ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அந்நூலோ எந்திரங்களின் பொருளியல் பற்றியது!

மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி, ஏறத்தாழ 3,000 வால்வுகளுடன் 1949 மே 6ஆம் நாள் இயங்கியது. சட்டமும் பொருளியலும் தம் தகுதியை வழக்காடி நிறுவ வேண்டியிருந்தது. கணிப்பியலோ பிற துறைகளுக்குப் பணிசெய்தே உள்ளே புகுந்தது. கணிப்பொறிக்குரிய கட்டளை நிரல்களை எழுதும் முறைபற்றி வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் நூல் வெளியிட்டனர். 1953இல் ஓராண்டுப் பட்டயப் படிப்புத் தொடங்கியது. உலகில் இத்துறையில் முறையாக நடத்தப்பட்ட முதற் படிப்பு அதுவே என்பர். அதன் பெயர் எண்ணியற் பகுப்பாய்வும் தானியங்கு கணிப்பும் என்பதே. 'கணிப்பியல்' என்று தனிப்பெயர் சூட்டும் துணிவு அப்பொழுது பிறக்கவில்லை போலும்.

எட்சாக்கை முற்பட வந்து பயன்படுத்திக்கொண்டவருள் ரிச்சர்டு ஸ்டோன் தலைமையிலிருந்த பயன்முறைப் பொருளியல் துறையினரும் அடங்குவர். பிரெய்ஸ், ஹௌதக்கர் இருவரும் 1955இல் வெளியிட்ட குடும்ப வரவுசெலவு ஆய்வு அக்கணிப்பொறியின் துணைகொண்டு நிகழ்ந்தது. தொழிலாளர் இல்லத்தில் உணவுக்கு எவ்வளவு செலவாகிறது என்னும் வினா, அறவியலாரிடமிருந்து பிரிந்துவந்த துறையிலும் எஞ்சியிருந்தது. அதற்கு விடை காண உதவியது, கணித ஆய்வுக்கூடத்தின் துளையிட்ட நாடா. அவ்வாய்வுக்கூடம் 1970இல்தான் கணிப்பொறி ஆய்வுக்கூடம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. 1953இல் தொடங்கிய பட்டயப் படிப்பு 2008இல் நிறுத்தப்பட்டது.