நிலநடுக்கமும் மேல்நிலை நீர்த்தொட்டியும்



"நிறைகுடம் தளும்பாது" என்பது நம் முதுமொழி. அடக்கத்தை உணர்த்த எழுந்த இம்மொழியில் ஓர் இயற்பியல் உண்மையும் பொதிந்துள்ளது. அவ்வுண்மையைப் பொறியியலார் கைக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

ஒரு லட்சம் லிட்டர் நீரின் எடை 100 டன். அப்பெரும்பாரத்தை உயரத்தில் ஏந்தி நிற்கும் நீர்த்தொட்டி, தலைகீழாக நிறுத்திய ஊசலை ஒத்தது. நிலம் அசையின் தலை ஆடும். அதன் பளு முழுவதையும் கால்களே தாங்க வேண்டும்.

1960 மே 22ஆம் நாள் சிலி நாட்டில் 9.5 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அந்நாட்டில் அம்மாதம் நேர்ந்த அதிர்ச்சிகளில் பெருந்தொட்டிகள் பல கடுஞ்சேதமுற்றன. வேறு சில சேதமின்றி நின்றன. இவ்வேறுபாடு ஏன்? அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963இல் விளக்கம் தந்தார். தொட்டி விளிம்புவரை நிறைந்து மூடியிருப்பின், நீர் முழுவதும் ஒரே திண்பொருள்போல் தொட்டியுடன் அசையும். மேலே வெற்றிடம் இருப்பின், நீர் இருவகையாக இயங்கும்: ஒரு பகுதி தொட்டிச் சுவரோடு இணைந்து விரைவாக அசையும், மற்றொரு பகுதி தனக்குரிய நீண்ட அலைவு நேரத்தோடு மெல்லத் தளும்பும். இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு நெறிமுறையோ, மேல்நிலைத் தொட்டியை ஒரே திணிவாகவே கொண்டது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கிற்று. மெல்லிய கான்கிரீட் உருளைகளின் மேல் நின்ற தொட்டிகள் பலவற்றில் அடிப்பகுதியைச் சுற்றி வளையம்போல் விரிசல் கண்டது. தொட்டிகள் சில வீழ்ந்தே போயின. தூண்களையும் குறுக்கு உத்திரங்களையும் கொண்ட தாங்கிகளில் அவை கூடும் இணைப்புகளே வலுக்குறைந்தவை என்பதும் தெளிவாயிற்று. 2014இல் வெளிவந்த புதிய நெறிமுறை இருதிணிவு முறையை ஏற்றது.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. அதே 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவுள்ள நடுக்கம் தோன்றிற்று. நல்லவாடு முதலிய நம் கடலோர ஊர்கள் அக்கடலை நோக்கியே அமைந்துள்ளன.

1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிலநடுக்கத்தால் நீர்க்குழாய்கள் உடைந்தன. தீயை அணைக்க நீரின்றி நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஆதலின், பிற கட்டடங்கள் வீழினும் நீர்த்தொட்டி வீழலாகாது. நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் புதிய தொட்டிகளை முறைப்படி எழுப்புவதோடு, பழைய தொட்டிகளின் கால்களையும் ஆய்ந்து வலுப்படுத்துதல் வேண்டும். பேரிடருக்குப் பின் தாகத்தோடு நிற்கும் மக்களுக்கு முதல் துணை நீரே ஆகும்.