மரை

தீர்த்தமலைக்கு ஏறியவர்கள் அறிவார்கள்: ராம தீர்த்தம் யாரும் திறந்துவிடாமலே பாறையிலிருந்து விழுகிறது. அடிவாரத்தில் நம் கதை வேறு. அங்கே தண்ணீர் வரக் குழாய் வேண்டும். குழாயோடு குழாய் சேர மரை வேண்டும்.

குழாய்க்காரர் சணலைச் சுற்றி எல்போவை முடுக்குவதை நான் வெகுநேரம் நின்று பார்த்ததுண்டு. குழாயின் முனை பதினாறுக்கு ஒன்று வீதம் கூம்பியிருப்பதால் திருகத் திருக இறுகும். ஆனால் எங்கோ செய்த குழாயும் வேறெங்கோ செய்த எல்போவும் பொருந்துவது எப்படி?

ஒரு காலத்தில் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைத் திருகாணிகளைச் சேகரித்து அளந்து, 1841-ல் பொது அளவொன்றைச் சொன்னார். கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். நம் குழாய்கள் விட்வொர்த் வழி வந்தவை. ஓரங்குலக் குழாயில் நமக்கு அங்குலத்துக்கு 11 மரை; அமெரிக்கருக்குப் பதினொன்றரை. அரை மரைதானே என்று முடுக்கினால், ஏறுவதுபோல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். ஆலையிலே நீராவி கசியும்.

1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. ஆள் இருந்தது, தண்ணீரும் இருந்தது. வந்தவர்களின் குழாய்கள் பலவற்றின் மரை அவ்வூர்த் தெருக் குழாயோடு சேரவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

பாறை தரும் நீருக்கு உடன்படிக்கை தேவையில்லை. மனிதன் மனிதனுக்கு நீர் தர வேண்டுமென்றால், அளவை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஊர் எரியும்போது மரை வெட்ட நேரம் ஏது?