முழுச் சதுரமும் அரை வட்டமும்

ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் கடற்கரையில், பாறை விளிம்பில் நிற்கிறது கலேன் கோட்டை. ஆங்கிலத்தில் பெயரை எழுதும்போது நடுவில் ஓர் 'இசட்' வரும். உள்ளூர்க்காரர் நாக்கில் அது ஏறாது. அங்கே போகிறவர்கள் சீட்டு வாங்கி, தேநீர் குடித்து இளைப்பாறும் கல் கட்டடங்கள் ஒரு காலத்துப் பண்ணை. பலருக்கும் அது தெரிவதில்லை. தெரியாதபடி கட்டியவர் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடம்தான்.

1770களின் இறுதியில், பத்தாவது காசிலிஸ் பிரபுவுக்காக அவர் வரைந்த பண்ணை அது. நடுவே ஒரு முற்றம், அதைச் சுற்றி நான்கு கட்டடத் தொகுதிகள், இடையிடையே வளைவு வாயில்கள். சுவர் உச்சியில் மதிற்பற்கள். சுவரில் வில்லாளி ஒளிந்து அம்பு எய்வதற்கென்றே விட்டதுபோல் பிளவுகள். எந்தப் பகைவன் வைக்கோலைக் கொள்ளையிட வரப்போகிறான்? ஆனாலும் கோட்டைக்குப் போகும் வழியில் கண்ணில் படுகிற கட்டடம் கோட்டையின் தம்பியாகத் தெரிய வேண்டும். சாணமும் வைக்கோற்போரும் இருக்கும் இடம் என்று தெரியக் கூடாது.

வடக்கே, ஆர்கைல் மலைகளுக்குள், இன்வரேரி நகரை அடுத்த ஷைரா பள்ளத்தாக்கில் இருக்கிறது இதனோடு ஒப்பிடத்தக்க மாம் பண்ணை. 1787இல் தொடங்கி 1790 வாக்கில் எழுந்தது. வரைந்தவர் ராபர்ட் மைல்ன். ஆடமைவிட ஐந்து வயது இளையவர். அவரைப்போலவே கட்டடக்கலைக் குடும்பத்துப் பிள்ளை, அவரைப்போலவே 1750களில் ரோமில் பயின்றவர். லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தை முதலில் கட்டியவரும் இவரே. மாமுக்கு அவர் போட்டது முழு வட்டம். எழுந்தது பாதிதான்.

இங்கும் கூர்வளைவுகள் உண்டு, மதிற்பற்கள் உண்டு. அந்த மட்டில் இரண்டும் ஒரே காலத்து மோகம். வேறுபாடு மழையில் இருக்கிறது. இன்வரேரிப் பக்கம் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அறுவடை நாளில் வெயிலை நம்பிக் கதிரைக் களத்தில் விட்டால் முளைத்துவிடும். பண்ணைக்குச் சொந்தக்காரரான ஐந்தாவது ஆர்கைல் டியூக் வேளாண்மைப் பித்தர். 1784இல் தோன்றிய ஹைலண்ட் சங்கத்தின் முதல் தலைவர். கூரைக்கடியில் காற்றை விட்டுப் புல்லையும் கதிரையும் உலர்த்துவது எப்படி என்பதே அவருடைய நெடுநாள் கவலை. தம் நிலங்களில் அதற்கென்றே பெரிய உலர்த்துக் கொட்டகைகள் எழுப்பினார். அந்தக் கவலை வளர்ந்த மண்ணில்தான் மாமின் உயர்ந்த களஞ்சியமும் எழுந்தது. ஆடமின் பிளவுகள் வேடிக்கைக்கு. மழைநாட்டுக் களஞ்சியத்தில் சுவர்த் திறப்பு என்பது தானியத்தின் உயிர்.

இரண்டுக்கும் பின்னணி ஒன்றே. அதுவரை குடியானவன் துண்டு துண்டான நிலத்தைப் பங்கிட்டு உழுதான். மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் நிலங்களைச் சேர்த்து வேலியிட்டு, குத்தகையை உயர்த்தி, கல்லில் கட்டத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்தில் வெளியேறியவர்களை இந்த அழகான சுவர்கள் காட்டுவதில்லை. ஒப்பிடும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டடக்கலையாகப் பார்த்தால், பலரும் கலேனுக்கே மாலை போடுவார்கள். எனக்கு மாம்தான் பிடிக்கிறது. வட்டத்திலும் வீம்பு இல்லாமல் இல்லை: வளைந்த சுவருக்குக் கல் செதுக்கக் கூடுதல் உழைப்பு, கூரை போடுகிற தச்சனுக்குத் தலைவலி. ஆனால் பாதியில் நின்றதால் அந்த வீம்பு தணிந்து, பள்ளத்தாக்கை நோக்கித் திறந்த ஒரு பண்ணை முற்றமாகிவிட்டது.

கலேனை 1945இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை ஏற்றது. 1970களில் பண்ணை பார்வையாளர் மையமானது. தொழுவத்தை இப்படி மாற்றினால் வழக்கமாகப் பொய் தட்டும். கலேனில் அது தட்டவில்லை. மாடுகள் இருந்தபோதே அது விருந்தாளிகளை எதிர்பார்த்துத்தான் நின்றது.