ரோமாபுரி வழியில் எண்பது தங்கல்கள்

இங்கிலாந்து தேசத்தின் கான்டர்பரி நகரில் பேராயராக இருந்த சிகெரிக் என்பார், கி.பி. 990-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்குச் சென்று மீண்டார். மீண்ட வழியிலிருந்த தங்கல்களின் பெயர்கள் ஒன்று முதல் எண்பது வரை ரோமானிய எண்ணிட்டு ஒரு தோற்சுவடியில் எழுதப்பட்டுள்ளன. பெயரன்றி வேறொரு செய்தியும் அங்கு இல்லை. மழை பெய்ததா, பனி கொட்டியதா, சோறு கிடைத்ததா, கள்வர் பயம் இருந்ததா, எதுவும் கூறப்படவில்லை. ஆயினும், இன்று ஐரோப்பாவில் பல்லாயிரவர் மூட்டை சுமந்து நடக்கும் ‘பிரான்சிஜேனா வழி’ என்னும் பழம்பெரும் யாத்திரைப் பாதை, இந்த வறண்ட பட்டியலையே ஆணிவேராகக் கொண்டு மீண்டும் வகுக்கப்பட்டதாகும்.

நடப்போர் பலரும் தாங்கள் சிகெரிக் பேராயரின் அடிச்சுவட்டில் நடப்பதாகச் சொல்லிக்கொள்கின்றனர். அஃது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண், பேராயர் எதற்காகப் போனார்? அக்காலத்தில் ஒருவர் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டும் போதாது. போப்பாண்டவரிடமிருந்து ‘பாலியம்’ என்னும் வெண்கம்பளிப் பட்டையைப் பெற்றுத் தோளில் அணிந்த பின்னரே பேராயருக்குரிய முழு அதிகாரமும் நிறைவுறும். முற்காலத்தில் அப்பட்டை ரோமாபுரியிலிருந்து அனுப்பப்படுவதும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில், ஆங்கிலப் பேராயர்கள் தாமே நேரில் சென்று பெறுவது வழக்கமாகிவிட்டது. ஒரு முழக் கம்பளிக்கு ஓராண்டுப் பயணமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அது விளையாட்டன்று. சிகெரிக்குக்கு முப்பத்தோராண்டுகளுக்கு முன், 959-ஆம் ஆண்டில், இதே பாலியத்தைப் பெறப் புறப்பட்ட கான்டர்பரிப் பேராயர் எல்ஃப்சிகே என்பவர் ஆல்ப்ஸ் மலையின் கடுங்குளிரில் சிக்கி மாண்டார். அவர் ரோமாபுரியைக் காணவேயில்லை.

மலையில் குளிர் மட்டுமா பகை? பத்தாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தென் பிரான்சின் கடற்கரையில் பிராக்சினேட்டம் என்னுமிடத்தில் கோட்டை அமைத்திருந்த சாரசேனியப் படையினர் ஆல்ப்ஸ் கணவாய்களில் வழிமறித்தனர். 921-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்குச் சென்ற ஆங்கிலேய யாத்திரிகர் பலர் மலையில் அவர்களால் கொல்லப்பட்டனர். 972-ஆம் ஆண்டில் குளூனி மடத்துத் தலைவர் மயோலுஸ் என்னும் பெரியாரே ஓர்சியேர் என்ற ஊருக்கு அருகில் பிடிபட்டார். ஆயிரம் இறாத்தல் வெள்ளி கொடுத்து அவரை மீட்டனர். இந்நிகழ்ச்சி ஐரோப்பாவை உலுக்கிவிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புரோவென்ஸ் நாட்டுத் தலைவன் வில்லியம் படை திரட்டி அக்கோட்டையை அழித்தான். சிகெரிக்கின் பட்டியலில் ஐம்பதாவது பெயர் எது தெரியுமா? அதே ஓர்சியேர்தான். மயோலுஸ் பிடிபட்ட பதினெட்டாம் ஆண்டில் பேராயர் அவ்வழியே போகிறார். பட்டியலிலோ பெயர் மட்டுமே இருக்கிறது.

இச்சுவடியைப் பற்றி ஒரு வார்த்தை. இது பதினோராம் நூற்றாண்டுப் பிரதி. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உளது. சர் ராபர்ட் காட்டன் என்பார் சேர்த்த சுவடிகளுள் ஒன்று. அவர் தம் அலமாரிகளின் மேல் ரோமானியப் பேரரசர்களின் தலைச்சிலைகளை வைத்து, அப்பேரரசர் பெயராலேயே சுவடிகளை அடையாளமிட்டார். ஆகவே கிறிஸ்துவப் பேராயரின் யாத்திரைக் குறிப்பு இன்றும் திபேரியஸ் என்னும் பேரரசன் பெயரால் வழங்குகிறது! 1731-ஆம் ஆண்டில் அச்சுவடித் தொகுதி இருந்த மாளிகையில் தீப்பிடித்துப் பல ஏடுகள் அழிந்தன. இது பிழைத்தது.

அதே சுவடிக்குள் ‘கீழ்நாட்டு அதிசயங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. நாய்த்தலை மனிதர் முதலான விந்தைகள் வண்ணப்படங்களோடு வரையப்பட்டுள்ளன. நம் பக்கத்து நாடுகளைப் பற்றி அன்றைய மேனாட்டார் கொண்டிருந்த அறிவு அவ்வளவே. காணாத நாட்டைப் பற்றி எழுதும்போது கை தாராளமாக ஓடுகிறது. நடந்து கண்ட வழியைப் பற்றி எழுதும்போது பெயருக்கு மேல் ஒரு சொல் இல்லை. இவ்விரண்டில் எதை நம்பலாம் என்று கேட்டால், நான் பெயர்ப் பட்டியலின் பக்கமே நிற்பேன்.

பட்டியலுக்கு முன்னால், ரோமாபுரியில் பேராயர் வழிபட்ட தேவாலயங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ இருபத்து மூன்று. புனித பேதுரு ஆலயத்தில் தொடங்கி, ஆங்கிலேயர் குடியிருப்பின் மாதா கோயில், நகருக்கு வெளியே புனித ஆக்னஸ், புனித லாரன்ஸ், புனித செபஸ்தியான், புனித பவுல் ஆலயங்கள் எனச் சுற்றி வந்து விடுதிக்குத் திரும்புகிறார். மறுநாள் காலையில், பழைய ரோமானியக் கோயிலாக இருந்து மாதா கோயிலாக மாறிய வட்ட மண்டபத்துக்கும் வேறு சில ஆலயங்களுக்கும் போகிறார். லாத்தரனில் போப்பாண்டவர் பதினைந்தாம் யோவானோடு உணவருந்துகிறார். பின்னர் மீண்டும் கோயில்கள். எல்லாம் இரண்டே நாளில்! சுற்றுலாப் பேருந்துகளில் ஓடும் இன்றையோரை நாம் குறைகூற இடமில்லை. மேலே கூறிய ஆங்கிலேயர் குடியிருப்பு புனித பேதுரு ஆலயத்தின் அண்டையில் இருந்தது. அப்பகுதி இன்றும் ‘போர்கோ’ எனப்படுகிறது. அது பழைய ஆங்கிலேயர் தம் குடியிருப்பைக் குறித்த ‘பர்க்’ என்ற சொல்லின் திரிபு என்பர். ரோமாபுரியின் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் குடியிருக்கிறது.

இனி வழிக்கு வருவோம். ரோமாபுரி முதல் எண், சூத்ரி நான்கு, போல்சேனா ஏரிக்கரை எட்டு, சியேனா பதினைந்து, லூக்கா இருபத்தாறு, லூனி இருபத்தெட்டு, பொந்த்ரெமோலி முப்பத்தொன்று, பியாசென்சா முப்பத்தெட்டு, பவியா நாற்பத்தொன்று, அவோஸ்தா நாற்பத்தேழு, லோசான் ஐம்பத்து நான்கு. பின்னர் பெசான்சோன், ரேம்ஸ், லாவோன், அராஸ் எனப் பிரான்சு தேசத்தைக் குறுக்கே கடந்து, எண்பதாம் எண்ணில் ‘சுமேரன்’ என்னும் கடற்கரைச் சிற்றூரில் முடிகிறது. ஓர் எண்ணுக்குரிய பெயர் விடுபட்டிருப்பதால், தங்கல்கள் 79 என்று சிலரும் 80 என்று சிலரும் எழுதுவர்.

பூகோளப் படத்தில் இவ்வழியைத் தொடர்ந்து பார்த்தால் ஓரிடத்தில் ஐயம் எழும். இத்தாலியின் நடுப்பகுதியில் பாதை நேரே போகாமல் கடலோரம் லூனி வரை வந்து, பின் திடீரெனத் திரும்பி அப்பெனைன் மலையில் ஏறுகிறது. காரணம் அரசியல். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் லாம்பார்டு மன்னர் வடக்கே பவியாவில் ஆண்டனர். தெற்கே லூக்காவும் அவர்களுடையது. ஆனால் கிழக்கில் ராவென்னா பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்தது. மேற்கில் கடற்கரையும் நெடுநாள் அவ்வாறே இருந்தது. இரு பகைகளுக்கும் இடையே தமக்கென ஒரு மலைவழி வேண்டியிருந்தது. இன்று சீசா எனப்படும் 1,041 மீட்டர் உயரக் கணவாயை அவர்கள் அதற்காகப் பேணினர். பின்னர் பிராங்கு இனத்தார் இத்தாலியை வென்றபோது அதே வழி அவர்களுக்கும் பயன்பட்டது. பிராங்கு நாட்டிலிருந்து வரும் வழி என்ற பொருளில் ‘பிரான்சிஜேனா’ என்ற பெயரும் எழுந்தது. 876-ஆம் ஆண்டு ஆவணமொன்றில் அப்பெயர் காணப்படுகிறது. படை நடந்த பாதையிலேயே பக்தி நடந்தது என்க.

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இப்பெயர்களை வரைபடத்தில் தேடினோம். நூலை வைத்து வளைத்து அளந்து, கான்டர்பரிக்கும் ரோமாபுரிக்கும் இடையே 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று கண்டோம். எண்பதால் வகுத்தால் தங்கலுக்கு இருபத்தொரு கிலோமீட்டர். ஒரு மாணவி, “அப்படியானால் எண்பது நாளில் வந்துவிட்டாரா, ஐயா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பல நூல்கள் அவ்வாறே எழுதுகின்றன. ஆனால் பட்டியல் அதற்கு இடந்தரவில்லை. பன்னிரண்டாம் தங்கலான சான் குவிரிக்கோவுக்கும் பதின்மூன்றாம் தங்கலான தோரெனியேரிக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பகல் முழுதும் அவ்வளவுதானா நடந்திருப்பர்? சில இடங்கள் இரவு தங்கியவை. சில உணவுக்கோ குதிரை மாற்றவோ நின்றவையாக இருக்கலாம். பட்டியலின் தலைப்பில் உள்ள இலத்தீன் சொல்லும் ‘தங்கல்’ என்ற பொதுப்பொருளையே தருகிறது; நாட்கணக்கைத் தரவில்லை.

இன்னொரு பையன், “போன வழியை ஏன் ஐயா எழுதவில்லை?” என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. அவனிடம் அவ்வாறே சொன்னேன்.

பட்டியல் பேசாத இடத்திலும் ஒரு செய்தி உண்டு. நாற்பத்தெட்டாம் தங்கல் மலையின் இத்தாலியப் பக்கத்தில் உள்ள சேன்-ரேமி. நாற்பத்தொன்பதாவது மறுபக்கத்தில் உள்ள பூர்-சேன்-பியேர். இடையே இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கம். உச்சியில் 2,469 மீட்டர் உயரத்தில் கணவாய். அங்கு ஒரு தங்கலும் குறிக்கப்படவில்லை. ஏனெனில் தங்க அங்கு இடமே இல்லை. அவோஸ்தாவின் அர்ச்சதியாக்கோனாக இருந்த புனித பெர்னார்டு அக்கணவாயில் யாத்திரிகர் விடுதியை நிறுவியது ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டில்தான். பனியில் சிக்கியோரை மீட்கும் பெரிய நாய்களை வாசகர் படங்களில் கண்டிருப்பீர்கள். அவற்றுக்குப் பெயர் தந்த விடுதி இதுவே. சிகெரிக்கின் காலத்தில் அடிவாரத்திலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். எல்ஃப்சிகே மாண்டது போன்ற சாவுக்கு அதைவிட விளக்கம் வேண்டா.

சிகெரிக் ஊர் திரும்பியபின் நேர்ந்தவற்றையும் சொல்லாமல் விடலாகாது. 991-ஆம் ஆண்டில் மால்டன் என்னுமிடத்தில் டேனியர் ஆங்கிலப் படையை முறியடித்தனர். பகைவருக்குப் பொன் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று முதலில் ஆலோசனை கூறியவர் பேராயர் சிகெரிக்கே என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அவ்வாறு கொடுத்த தொகை 10,000 இறாத்தல். வாங்கிச் சென்றவர் மீண்டும் மீண்டும் வந்தனர். இதனால் வரலாற்றாசிரியர் பலர் அவரைக் கோழை என்பர். ஆனால் எல்ஃப்ரிக் என்னும் துறவி, இலத்தீன் அறியாத பாமரருக்காகத் தாய்மொழியில் எழுதிய மறையுரைத் தொகுதியை உரிமையாக்கியது இவருக்கே. தாய்மொழிக் கல்வி புகட்டும் நம்மனோர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழியின் தொல்லைகள் அவரோடு தீரவில்லை. 1027-ஆம் ஆண்டில் ரோமாபுரி சென்ற கனூட் மன்னர், தம் குடிமக்களுக்கு எழுதிய கடிதத்தில், வழியிலுள்ள சுங்கச் சாவடிகளில் யாத்திரிகர் படும் துன்பத்தைப் பேரரசரிடமும் கணவாய்களை ஆண்ட பர்கண்டி மன்னர் ருடால்ஃபிடமும் முறையிட்டுச் சலுகை பெற்றதாகக் கூறுகிறார். பாலியம் பெற வரும் பேராயர்களிடம் ரோமாபுரியில் பெருந்தொகை கேட்கப்பட்டதையும் எடுத்துரைத்து நிறுத்தச் செய்தாராம். சிகெரிக் எவ்வளவு கொடுத்தார் என்பது பட்டியலில் இல்லை!

பின்னர் வழி நெடுக விடுதிகள் எழுந்தன. சியேனா நகரின் பேராலயத்துக்கு எதிரே எழுந்த பெரிய மருத்துவமனை அவ்வழியே வந்தோருக்காகவும் இயங்கியது. லூக்காவுக்கு அருகில் ஆல்தோபாசியோவில், சதுப்பு நிலத்தில் வழி தவறியோர் திசை அறிய மாலை தோறும் மணி அடித்தனர். 1300-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே பிளாரன்ஸ் நகரின் செல்வம் போக்குவரத்தைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தது. லூனியோ காய்ச்சலால் பாழ்பட்டு, 1204-இல் அதன் ஆயர் பீடமும் சார்சானாவுக்கு மாறியது. வழி மெல்ல மெல்ல மறந்தது. 1994-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இதனைப் பண்பாட்டு வழியாக ஏற்ற பின்னரே மீண்டும் புகழ் பெற்றது.

இன்று நடப்போருள் முழு வழியையும் ஒரே முறையில் நடப்போர் சிலரே. விடுமுறை கிடைக்கும் ஒரு வாரம், இரு வாரம் நடந்து, விட்ட இடத்தை அடுத்த ஆண்டில் தொடர்வோர் பலர். அவரவர் கையிலுள்ள யாத்திரிகர் அட்டையில் தங்கல்தோறும் முத்திரை பெறுகின்றனர். கடைசி நூறு கிலோமீட்டரேனும் நடந்து ரோமாபுரியை அடைவோர் சான்றிதழ் பெறலாம். போ ஆற்றை, சிகெரிக்கின் முப்பத்தொன்பதாம் தங்கலான சந்த் ஆந்த்ரேயாவில், சிறு படகில் கடப்பதும் உண்டு. இவர்களுட் பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கே, ரோமாபுரியை நோக்கி நடக்கின்றனர். பட்டியலோ தெற்கிலிருந்து வடக்கே வீடு திரும்பும் பட்டியல். பேராயரோ பரிவாரத்தோடு, பெரும்பாலும் குதிரையேறிச் சென்றிருப்பார். அவர் கால் பட்ட மண் பலவிடங்களில் இன்று நெடுஞ்சாலையின் அடியில் கிடக்கிறது. நடப்போருக்காகப் பாதையை வயல் வழியே ஒதுக்கியுள்ளனர். ஆகவே ‘அடிச்சுவடு’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஊர்கள் அவருடையவை, பாதை நம் காலத்தது.

எண்பதாம் தங்கலான சுமேரன், இன்று பிரான்சின் வடகோடியில் விசாந் என்ற ஊரின் அருகே சோம்பர் என்னும் சிற்றூர் என்று அறிஞர் கொள்வர். அங்கிருந்து பார்த்தால் தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் வெண்பாறைகள் தெரியும். பேராயர் படகுக்குக் காத்திருந்த நாள் எத்தனையோ, அவ்விடத்தோடு எழுத்தர் கோலைக் கீழே வைத்துவிட்டார்.