கேகாலையில் இரண்டு முறை அடித்த மணி

நிவித்திகலையில் மாணிக்கக் குழிக்குள் இறங்கிப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மெழுகுதிரிச் சுடர் வாடினால் கீழே காற்று கெட்டுவிட்டது. சுவரில் நீர் கசிந்தால் மண் இளகுகிறது. உள்ளே நிற்பவன் சத்தம் கொடுப்பான். மேலே நிற்பவன் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே நிற்பவன் காதில் வாங்கவில்லை என்றால், கீழே இருப்பவனுக்குத் தெரிந்திருந்து என்ன பயன்?

நாடு உளவுத் தகவலைக் கையாளும் விதத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு இதில் தனி இடமும் உண்டு. இலங்கையை உலுக்கிய இரண்டு ஏப்ரல்களுக்கும் முன்னால், கீழேயிருந்து சத்தம் வந்தது கேகாலை மாவட்டத்திலிருந்துதான்.

முதல் சத்தம் 1971 மார்ச் 10. நெலுந்தெனியவில் மறைவாகச் செய்துகொண்டிருந்த குண்டுகள் தாமாகவே வெடித்து ஐந்து இளைஞர்கள் மாண்டார்கள். அவர்கள் சார்ந்திருந்த, ரோகண விஜேவீரவின் மக்கள் விடுதலை முன்னணியைப் பொலிசார் ‘சே குவேராக்காரர்’ என்ற பெயரில் ஏற்கெனவே அறிந்திருந்தனர். ஆனால் அவர்களைக் கவனிக்கவென்று இருந்த தனிப் பிரிவு, 1970 ஆட்சி மாற்றத்துக்குப் பின் கலைக்கப்பட்டிருந்தது. தேர்தல் காலத்தில் கைதான விஜேவீரவும் அந்த ஜூலையில் வெளியே வந்துவிட்டார். நெலுந்தெனிய வெடித்த பிறகுதான் கொழும்பு விழித்தது. மார்ச் 13 அன்று விஜேவீர மறுபடி கைது. மார்ச் 16 அன்று அவசரகாலச் சட்டம்.

தலைவர் யாழ்ப்பாணச் சிறையில் இருக்க, ஏப்ரல் 2 அன்று வித்யோதய பல்கலைக்கழக வளாகத்தில் கூடிய மற்றவர்கள் நாள் குறித்தார்கள்: ஏப்ரல் 5, இரவு 11 மணி. ஒரே நேரத்தில் நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்குவது திட்டம். சங்கேதச் செய்தி ஊர் ஊராகப் போனது. வெல்லவாயக் குழு அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, 5ஆம் திகதி விடியற்காலையிலேயே தாக்கிவிட்டது. ஏறக்குறைய 18 மணி நேரம் முந்திவிட்டார்கள். அரசுக்குக் கிடைத்த மிகப் பெரிய உளவுத் தகவல் அதுதான்; அதைக் கொடுத்தவர்கள் கிளர்ச்சியாளர்களே. அன்றிரவு சுமார் 90 நிலையங்கள் தாக்கப்பட்டபோது, பல இடங்களில் பொலிசார் விழித்திருந்தார்கள். அப்படியிருந்தும் கேகாலையின் பல கிராமங்களை மீட்க இராணுவத்துக்கு வாரக்கணக்கில் ஆனது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் செத்தார்கள்.

தோட்டத்து மக்கள் இந்தக் கதையில் எங்கே? முன்னணி தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. கொழுந்து பறிப்பவளையும் பால் வெட்டுபவனையும் இந்தியாவின் கருவியாகக் காட்டிய வகுப்பு அது. நம் லயங்கள் அந்தப் பக்கம் சாயாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது சத்தம் 2018 டிசம்பர் 26. மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தை அடைந்தது. அங்கே சுமார் 100 கிலோ வெடிபொருள். விசாரணைக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவரை மார்ச்சில் அவர் வீட்டிலேயே தலையில் சுட்டார்கள். அவர் பிழைத்தார், ஆனால் உடல் முடங்கிப்போனது. கீழே நின்று சத்தம் கொடுத்தவர் தந்த விலை அது.

இனி மேலே நின்றவர்களைப் பார்ப்போம். ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. பின்னர் தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது; கத்தோலிக்க ஆலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்கு என்றும் இருந்தது. அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன அதைத் தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸுக்கு அனுப்பினார். 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவின் மேசைக்குப் போனது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையெழுத்தோடு பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை ஆனது. மேசைக்கு மேசை கடிதம் நகர்ந்தது. ஆலய வாசலுக்கு மட்டும் போகவில்லை. தமக்கு எவரும் சொல்லவில்லை என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் பின்னர் பகிரங்கமாகவே கூறினார். பிரதமரோ மாதக்கணக்கில் பாதுகாப்புச் சபைக்கே அழைக்கப்பட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டிய ஆலயங்கள், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் எங்கும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்ட உயிர்கள்.

வல்லரசுக்கும் இதே நோய் உண்டு. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் கூடிய இருவரை அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. அவர்கள் அமெரிக்காவுக்குள்ளேயே குடியிருக்க, எஃப்.பி.ஐ. அவர்களைத் தேடத் தொடங்கியது 2001 ஆகஸ்டில். அடுத்த மாதம், செப்டெம்பர் 11 தாக்குதலுக்காக அந்த இருவரும் விமானமேறினார்கள்.

ஒவ்வொரு முறையும் அரசு சொல்லும் மருந்து ஒன்றே: இன்னும் கடுமையான சட்டம், இன்னொரு அமைப்பு. 1984இல் பொலிசிலிருந்து பிரித்துத் தேசிய புலனாய்வுப் பணியகம் அமைத்தார்கள். 2006இல் அது அரச புலனாய்வுச் சேவையானது. சட்டத்துக்கும் குறைவில்லை. 1971 ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் ஏற்கெனவே அமுலில் இருந்தது. 2019இலோ 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது வயதை நெருங்கியிருந்தது. அந்தச் சட்டம் யார் மேல் விழுந்தது என்பது யுத்த காலத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அடையாள அட்டை இல்லையென்றால் இரவு பொலிஸ் நிலையத்தில்தான்.

2023 ஜனவரி 12 அன்று உயிர்த்த ஞாயிறு வழக்கில் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய். ஜயசுந்தரவும் ஜயவர்தனவும் தலா ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. மெண்டிஸ் 1 கோடி. பாதிக்கப்பட்டவர்களுக்கு இவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்ட வேண்டும். இந்த நாட்டில், கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யாமல் இருந்ததற்கு அன்று ஒரு விலை போடப்பட்டது.

(தொடரும்)