‘அவசரம்’னா வாய்ப்பா? வேற மொழிக்காரங்களோட வேலை பார்க்கும்போது வரும் பயம்... சமாளிப்பது எப்படி?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ. தினமும் ரயிலேறி அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அப்படிப் போகும் ஒருவரிடம் மேலதிகாரி, "இது நல்லொரு அவசரமாணு" என்கிறார் என வைத்துக்கொள்வோம். கேட்டவர் பதறியடித்து வேலையை முடிக்க ஓடுகிறார். அதிகாரி சொன்னதோ, ‘இது நல்ல வாய்ப்பு’ என்று!

குமரி மக்களுக்கு ஏன் இரட்டைச் சிக்கல்?

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இந்தப் பகுதி, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமானது. அதனால் பேச்சில் மலையாள வாடை இயல்பு. சென்னை அலுவலகத்தில் "குடிக்க வெள்ளம் வேணும்" என்றால், "நீங்க மலையாளியா?" என்ற கேள்வி வரும். அதே ஆள் திருவனந்தபுரத்தில் பேசினால், "தமிழா?" என்பார்கள். ‘நாம சொல்றத தப்பா எடுத்துக்குவாங்களோ’ என்று பயந்தே சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

குழப்பும் சொற்கள்

* வெள்ளம்: மலையாளத்தில் தண்ணீர், பொதுத் தமிழில் பெருக்கு
* அவசரம்: மலையாளத்தில் வாய்ப்பு
* சம்சாரம்: தமிழில் மனைவி, குடும்பம், மலையாளத்தில் பேச்சு
* சிக்ஷா: இந்தியில் கல்வி, மலையாளத்தில் ‘சிக்ஷ’ என்றால் தண்டனை

சுத்தமாகத் தெரியாத சொல் என்றால் கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லுக்குத்தான் கேட்காமல் தலையாட்டிவிடுவோம். அந்தத் தலையாட்டலே வெளிநாட்டவருக்கு ‘ஆமா’வா, ‘இல்ல’யா என்று புரியாது.

புரியாமல் போனால் என்ன ஆகும்?

1996 நவம்பர் 12. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடி உயரத்தில் இருக்கச் சொல்லியும் கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியது. அதன் குழுவினருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. சர்வதேச விமானங்களை ஓட்டும் விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி இப்போது கட்டாயம். கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தை விமானி திருப்பிச் சொல்வதும் விதி. மருத்துவமனைகளிலும் டாக்டர் போனில் சொல்லும் மருந்தை நர்ஸ் எழுதி, வாசித்துக் காட்டி உறுதிசெய்வது நடைமுறை.

நாம் என்ன செய்யலாம்?

* "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "நான் சொன்னத ஒரு தடவ சொல்லுங்க" என்று கேளுங்கள்.
* நீங்கள் கேட்பவராக இருந்தால், "அப்போ நாளைக்கு 10 மணிக்குள்ள முடிக்கணும், சரிதானே?" எனத் திருப்பிச் சொல்லுங்கள்.
* தேதி, தொகை, அளவு மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.
* வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "உங்க பாஷை எனக்குப் பாதிதான் தெரியும், திரும்பக் கேப்பேன்" என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பக் கேட்பது அறியாமை இல்லை. விமானிக்கும் நர்ஸுக்கும் அது வேலையின் ஒரு பகுதி. நமக்கும் அப்படியே இருக்கட்டும்.